நீர்

கொவென்ட்ரி குடும்ப நீதிமன்றம், நாலாம் அறை.
நாற்காலி விளிம்பில் இருந்து
சுகிர்தாவின் இடது காதுக்குள் கதைப்பது என் வேலை.

இருபத்தாறு கிழமையில் முடியவேணும் என்கிறது சட்டம்.
இன்று ஐம்பத்தெட்டாவது.
ஒரு நீதிபதிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை,
ஒருவர் வேறு ஊருக்கு மாறினார்,
மூன்றாமவர் ஏன் வரவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.
உளவியல் அறிக்கை இரண்டு தரம்
பிழையான விலாசத்துக்குப் போனது.
மொழிபெயர்ப்பாளர் வராமல் ஒரு தவணை போனது.
அது நானில்லை.
ஆனாலும் என் முகம் சுட்டது.

ஏழு முடியும் தறுவாயில் ரக்பிக்குப் போன சாருஜனுக்கு
இப்போது ஒன்பது.
வளர்ப்பு வீட்டார் நல்ல மனிதர்கள்.
முன்பல் விழுந்ததும் முளைத்ததும் அங்கேதான்.
சனிக்கிழமைச் சந்திப்பில்
அவன் ஆங்கிலத்தில் கேட்பான்,
அவள் தமிழில் சொல்வாள்,
பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில்
மணிக்கணக்கில் கூலி வாங்குகிற நான்.
'சாப்பிட்டியா' என்பதையும்
மொழிபெயர்க்க வேண்டி வந்த நாள்
கனநேரம் காருக்குள் இருந்தேன், சாவியைப் போடாமல்.

நாலாவதாக வந்தவர் ஹால்ஸ்டெட்.
பையனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்.
அவருடைய சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டே
மூன்று கேள்வி கேட்டானாம்.

தீர்ப்பு இரண்டே பக்கம்.
'அன்புள்ள சாருஜன்' என்று தொடங்கியது.
தாய்க்குத் தமிழில் வேணும் என்றார்கள்.
இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன்.
ஆங்கிலத்துக்கு இந்தக் கரைச்சல் இல்லை,
அரசனுக்கும் பூனைக்கும் ஒரே சொல்.
'நீ' என்று போட்டேன், அதட்டுகிற மாதிரி இருந்தது.
'நீங்கள்' என்றேன்,
பெரியாளின் கோட்டை மாட்டிவிட்டதுபோல் தோள் தொங்கியது.
யாழ்ப்பாணத்தார் இரண்டுக்கும் நடுவில்
ஒரு சொல் வைத்திருக்கிறோம்.

'நீர் கேட்ட முயல் பக்கத்து வீட்டு டோனாவிடம் நிற்கிறது.
நானே விசாரித்தேன். கொழுத்துவிட்டதாம்.

நீர் ஒரு பிழையும் விடவில்லை.
அம்மாவுக்கு வந்தது ஒரு வருத்தம்.
இரண்டு இரவு உம்மைத் தனியே விட்டது அதனால்தான்.
அது சரியல்ல என்று அவவுக்கும் தெரியும்.
வருத்தம் மாறிக்கொண்டு வருகிறது.
எப்போது முழுக்க மாறும் என்று எனக்குத் தெரியாது,
தெரிந்ததுபோல் எழுதமாட்டேன்.

மூன்றாவது கேள்வி:
நீர் சொன்னதை முந்தின நீதிபதிகளிடம்
யாராவது சொன்னார்களா என்று.
இல்லை. அவர்கள் கேட்டிருக்கவேணும்.
நாங்கள் சுணங்கிவிட்டோம்.
உம்முடைய ஒரு வருடமும் என்னுடைய ஒரு வருடமும்
ஒரே நீளம் அல்ல.

வாற கோடை வரை ரக்பியில் இரும்.
சனியோடு புதனும் அம்மாவைப் பாரும்.
புதன்களில் தமிழ் படிப்பிக்க ஒருவர் வருவார்,
நகரசபை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்திருக்கிறது.
வராவிட்டால் எனக்கு எழுதும்.'

முந்தின உத்தரவுகளை எல்லாம்
டெஸ்கோ பைக்குள் வைத்துக் காவித் திரிந்தவள்,
நாற்பத்து மூன்று பக்கத்தில்
தன் பெயரை மட்டும் கண்டுபிடித்தவள்,
இதை உதடு அசைய வாசித்தாள்.
'எனக்கும் விளங்குது' என்றாள்.
'முந்தி ஏன் ஒருத்தரும் எனக்கு இப்படி எழுதேல்லை?'
பதில் சொல்வது என் வேலையில் இல்லை.

கொஞ்சம் பொறுத்து,
'பெடியனுக்கு நீர் போட்டிருக்கிறியள்.'
'ஓம்.'
'அவன்ர அப்பாவும் என்னை அப்பிடித்தான் கூப்பிடுறவர்.'

கூலிப் படிவத்தில் மூன்று பெட்டி:
விசாரணை, சந்திப்பு, மற்றவை.
எதில் கோடு போடுவதென்று பேனையோடு நின்றேன்.
லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை.
சுகிர்தா படியால் இறங்கிக்கொண்டே
கடிதத்தை முதலில் இருந்து
இன்னொரு தரம்