கணப்பு: எரிகிறது

படகை நிறுத்திய மறுநாள்
சாரெமா தீவில் எங்களை நாங்களே எண்ணிக்கொண்டோம்.
மூச்சுக் கருவிகள் இத்தனை,
தாதியர் இத்தனை,
என்னையும் சேர்த்து மருத்துவர்கள் இத்தனை.
ஹெல்யேவை எந்தக் கட்டத்திலும் போடவில்லை.
சமூகப் பணியாளர் என்றால்
ஓய்வூதியப் படிவம் நிரப்புகிறவள் என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.

காலைச் சுற்றில் எண்களாகவே பேசிக்கொள்வோம்.
தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு.
எண்பத்தெட்டுக்குப் பிறகு ஒரு மௌனம்.
கதவோரம் நின்று அவள் கேட்பாள்:
"ஏழாம் படுக்கைக்காரரின் நாய்க்கு
யார் சோறு போடுகிறார்கள்?"

யாரும் சிரிக்கவில்லை.
சிரிக்கத் தெம்பில்லை.

ஏழாம் படுக்கை, எண்டெல்.
நாயின் பெயர் முரி என்பதும்,
மகள் கடலுக்கு அப்பால் துர்க்குவில்
மீன் ஆலையில் இரவுப் பணி என்பதும்,
கேட்டதற்கு அவர் பதில் சொல்லாதது புத்தி கலங்கியதால் அல்ல,
செவிக்கருவியில் பேட்டரி தீர்ந்ததால் என்பதும்
அவள் கண்டு சொன்னவை.
"குழப்ப நிலை" என்று எழுதி
அதற்கொரு மருந்தும் எழுதியிருந்தேன்.
அடித்தேன்.
அடித்த இடத்தில் தாள் கிழிந்தது.

மகளுக்குக் காணொளியில் காட்டுமுன்
இரட்டைக் கையுறையோடு அவருக்குத் தலை வாரிவிட்டாள்.
திரையில் மகள் முதலில் கேட்டது,
"வகிடு ஏன் வலப்பக்கம் இருக்கிறது?"
ஹெல்யே கலைத்து இடப்பக்கம் எடுத்தாள்.
பிறகுதான் மகள் அழுதாள்.

இருபத்திரண்டாம் நாள்
கருவியில்லாமல் தொண்ணூற்று நான்கு.
"இன்றே அனுப்பலாம்," என்றேன்.
கீழே ஆம்புலன்ஸில் ஒருத்தி
அந்தப் படுக்கைக்காகக் காத்திருந்தாள்.

"நாளை," என்றாள் ஹெல்யே.
"மரவீடு. இருபத்திரண்டு நாளாய்த் தீ மூட்டவில்லை.
வெளியேதான் ஏப்ரல்.
உள்ளே இன்னும் பிப்ரவரி."

நான் கத்தினேன்.
என்ன கத்தினேன் என்பதை எழுதப்போவதில்லை.

அவர் உடைமைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.
அண்டை வீட்டுக்காரர்
வேலிக்கு இப்பால் வரப் பயந்து
விறகை வேலியோரம் அடுக்கிவிட்டு விலகி நின்றாராம்;
முரி அவள் முகக்கவசத்தைப் பார்த்துக் குரைத்ததாம்.
செங்கல் கணப்பு சூடேற ஓர் இரவு பிடித்தது.
விடிகாலையில் திரும்பியவளின் புருவத்தில் கரி.
குளித்து, உடை மாற்றி,
காலைச் சுற்றுக்குக் கதவோரம் வந்து நின்றாள்.

கீழே காத்திருந்தவள்
அந்த இரவை நடைபாதையில் கழித்தாள்.
பிழைத்தாள்.
பிழைக்காமல் போயிருந்தால்?
இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

எண்டெலின் விடுவிப்புச் சீட்டில்
மருந்துகளுக்கான கட்டத்தில், கடைசி வரியாக,
"கணப்பு: எரிகிறது" என்று எழுதினேன்.
மருந்தகத்திலிருந்து தொலைபேசி:
"டாக்டர், இது எத்தனை மில்லிகிராம்?"

ஒரு வாரம் கழித்து அவரே வார்டுக்கு அழைத்தார்.
கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த நல்ல பிர்ச் விறகை
எந்த மடையன் எரித்தான் என்று.
ஹெல்யே ஒலிவாங்கியைக் காதோடு அணைத்தபடி
தன் குறிப்பேட்டில் எழுதினாள்:

நான்கு நிமிடம் திட்டினார்.
நடுவில் மூச்சு வாங்கவில்லை.