எடைக்காரன்

பத்தொன்பது வருஷமாக
மண்டபம் நண்டுக் கம்பெனியில் நான்தான் எடை.
அடிவயிற்றில் கட்டைவிரல் வைத்தால் போதும்,
சதை நண்டா, தண்ணி நண்டா,
தட்டு சொல்லுமுன் நான் சொல்வேன்.
ஐம்பது கிராமுக்கு
அல்லாவைச் சாட்சி வைத்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தத் தட்டில் நானே ஏறி நின்றது
ஆள் இல்லாத ஒரு மதியம்.
தொண்ணூற்றாறு.
கழித்துக்கொள்ளக் கூடை எடையும் இல்லை.

ரத்தம் எடுத்த இடத்தில்
சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள் ஒரு பிள்ளை:
"சீனி... இபுராம்சா?"
எங்கள் பக்கம் சீனி என்பது பேர்.
அப்பாவுக்கு அப்பா சீனி, பெரியத்தா சீனி,
இனிக்கட்டும் என்று வைத்தது.
அவள் உதட்டை மடித்துச் சிரிப்பை விழுங்கினாள்.
எட்டுப் புள்ளி ஏழு.

முந்தின ராத்திரி
பரோட்டாக் கல்லின் சத்தத்துக்குக் காது கொடுக்காமல்
பட்டினியாகத்தான் போயிருந்தேன்.
அது ஒரு நாள் கணக்கு, என்றார் டாக்டர்.
இது மூன்று மாசப் பற்றுவரவு,
ரத்தம் தானே எழுதிக்கொள்வது.

டீயில் கருப்பட்டிதானே போடுறேன் என்றேன்.
அதுக்கும் பேர்தான் வேறே என்றார்.

சபூரா அன்றைக்கே சோற்றுச் சட்டியைச் சின்னதாக்கினாள்.
தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டிச் சோறு,
மிச்சமெல்லாம் முருங்கைக்கீரை, அவரைக்காய்.
சூடை மீன் பொரிக்கப்படவில்லை, ஆணத்தில் கிடந்தது.
எண்ணெய் குறைந்தது. வாக்குவாதம் கூடியது.
ஐந்தாம் நாள் நடுராத்திரி
ரயில் வருமுன் தண்டவாளம் அதிர்வதுபோல
பசி காலிலிருந்து ஏறியது.
மெல்ல எழுந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.
உள்ளே தையல் நூல்.
அவள் தூங்குவதுபோலக் கிடந்தாள்.

எங்கள் ஊருக்குக் கடல் இரண்டு.
வடகடலில் புறப்பட்டு, தண்டவாளம் தாண்டி,
தென்கடல் ஈரத்தை மிதித்துத் திரும்ப வேண்டும்.
தினமும். சாயங்காலம். எடை முடிந்ததும்.
கச்சான் அடித்த மாசங்கள்,
தெற்கே நடந்தால் பல்லில் மணல்.
ரயில்வே கேட் மூடியிருந்தால் சந்தோஷம்,
நிற்கலாம்.
"கடன்காரன் விரட்டுறானா காக்கா?"
வலை உதறிக்கொண்டிருந்தவன் கேட்டான்.
ஆமாம் என்றேன். மூச்சு அதற்குத்தான் இருந்தது.

மாசம் ஒருதரம் தட்டில் ஏறினேன்.
தொண்ணூற்றைந்து.
தொண்ணூற்றைந்தரை.
தொண்ணூற்று நாலு.
கொடுப்பதற்கு இப்படி மூக்கால் அழும் சரக்கை
என் கைப்பட எடை போட்டதில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை வெறுத்துப்போய்
நாலு பரோட்டா, சால்னா மறுசால்னா.
மறுநாளும் கால் வடகடலுக்குப் போனது.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

வாடை திரும்பி, வடகடல் கலங்கத் தொடங்கியபோது
மறுபடி சீட்டு.
அந்தப் பிள்ளை இந்தத் தடவை முழுப்பேரையும் சொன்னாள்.
ஆறு புள்ளி ஒன்பது.

தட்டு ஒன்றும் சொல்லலையே டாக்டர், என்றேன்.
மூணு கிலோகூட முழுசா இறங்கலையே.
ஈரல் கொழுப்பு வடியுது, காலில் சதை பிடிக்குது,
தட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்றார்.

வெட்கமாகப் போயிற்று.
யாரிடம் சொல்கிறார் இதை.
ஒரே எடையில் இரண்டு நண்டு,
ஒன்று சதை, ஒன்று தண்ணி,
பிரித்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான்.
கைலி ஒரு சுற்றுக் கூடுதலாய்க் கேட்டபோதே
புரிந்திருக்க வேண்டும்.

இன்று நடக்கும்போது
யாரும் இல்லாத இடம் பார்த்து
அடிவயிற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
தண்ணி இருக்கிறது இன்னும்.
கேட் மூடியிருந்தது. பாம்பன் வண்டி தாமதமாம்.
நின்ற இடத்திலேயே
கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.