ஏழு கிணற்றுக்கும் காய்ச்சல்

கொழும்பிலிருந்து ஒரு பெடியன் போன் எடுத்தான்.
யோகமலரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுகிறானாம்.
"சின்ன வயசிலேயே தெரிஞ்சதா அக்கா,
அவ ஒரு மேதை எண்டு?"

கச்சேரியில், காணிப் பிரிவில், என் மேசை.
எல்லைக்கல் காணாமற்போன
உப்புவெளிக் கோப்புகள் மூன்று.
யன்னலுக்கு வெளியே ஒரு மான்
லஞ்ச் ஷீற்றை மென்றுகொண்டிருந்தது.
தெரிஞ்சது தம்பி, என்றேன்.

பொய்.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
ஆறாம் வகுப்பிலிருந்து
அவள் பெயருக்குக் கீழே என் பெயர்.
ஒரே வாங்கு. ஒரே கணக்கு சேர்.
இருவருக்கும் சேர்த்து ஒரு லொக் புத்தகம்,
அதிலும் நடுவில் ஒரு பக்கம் இல்லை.
அந்தப் பக்கத்து எண் வந்தால்
கையாலேயே கண்டுபிடிக்கவேணும்.
நான் சலித்துக்கொண்டு செய்தேன்.
அவள் அந்த எண் வராதா என்று பார்த்திருந்தாள்.

மீன் தலை தின்றால் மூளை வளரும் என்று
அம்மா எனக்குத்தான் கூட வைத்தா.
திருக்கடலூர்ப் பாரைத் தலைகள் எத்தனை!
எல்லாம் இந்தக் கோப்புகளுக்குள் போயிற்று.

கஷ்டம்தான் அவளை ஆக்கியது என்று எழுதப்போகிறான்.
எழுதட்டும்.
கஷ்டம் எங்கள் ஒழுங்கையில் ஒருவரையும் விடவில்லை.
அது ஆளை ஆக்குமென்றால்
மூதூர் லோஞ்சில் ஏறுகிற அத்தனை பேரிடமும்
ஆளுக்கொரு தேற்றம் இருக்கவேணும்.

அவனுக்கு நான் சொல்லாதது இது.

அவளுடைய அப்பாவின் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனோம்.
இரண்டு சென்றியில் இறங்கி, நடந்து, மறுபடி ஏறி.
ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு.
நான் அழுதுகொண்டே அள்ளி ஊற்றினேன்.
ஆம், அவள் அப்பாவுக்கு நான்தான் அழுதேன்.
அவள் நாலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் திரும்பினாள்,
ஈரப் பாவாடை காலில் தடுக்க, வாளியோடு.
பிறகு ஆறாவது. திரும்பவும் இரண்டாவது.
பெரியம்மா தலையில் குட்டினா:
"அப்பன் செத்த பிள்ளை மாதிரியே நிக்கிறாய்?"

அவள் என் காதோடு சொன்னாள்:
"அங்கே குளிச்சிட்டு வந்தா இது குளிருது.
இங்கால குளிச்சிட்டு வந்தா இதே தண்ணி சுடுது.
அப்ப, தண்ணியைப் பற்றித்
தோலுக்கு என்னதான் தெரியும்?"

வெந்நீரில் நின்றவளுக்குப் பல் கிட்டி நடுங்கியது.
அழுகை இல்லாமலில்லை.
கேள்வி முந்திக்கொண்டு வந்துவிட்டது,
அதை மறித்துவைக்க அவளுக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரியும்.
எதையும் மறித்துவைக்க எனக்குத் தெரியும்.

அவள் வெளிநாடு போன வருசம் ஒரு ஞாயிறு
ஒருவருக்கும் சொல்லாமல் கன்னியாவுக்கு பஸ் ஏறினேன்.
பார்மசியில் வாங்கிய காய்ச்சல் கோல் கைப்பையில்.
ஒவ்வொரு கிணற்றிலும் அமிழ்த்திப் பிடித்தேன்.
ஏழு கிணற்றுக்கும் காய்ச்சல் என்றது.
பார்த்து நின்ற சின்னப் பிள்ளை சிரித்தது.
கொப்பியில் ஒரே எண்ணை ஏழு தடவை எழுதி
அடிமட்டம் வைத்து வடிவாகக் கோடிட்டேன்.
அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.
பசித்தது. உழுந்துவடை வாங்கித் தின்றேன்.

"அக்கா, லைன்ல இருக்கிறீங்களா?"
இருக்கிறேன் தம்பி. எழுதுங்கோ:
நல்லாப் படிப்பா. அமைதியான பிள்ளை.

போனை வைத்த பிறகு,
உப்புவெளிக் கோப்பின் நாடாவை அவிழ்க்கும்போது,
உறைத்தது:
நான் கோலை உதறவேயில்லை.
ஆகச் சூடான கிணற்றில் முதலில் வைத்திருப்பேன்.
ஏறிய பாதரசம் ஏறியபடியே நின்றிருக்கும்.
நான் எழுதியது ஏழு கிணறு அல்ல,
ஒரு கிணறு, ஏழு தடவை.

பதினான்கு வருசம் பிந்திய யோசனை.
அவளுக்கென்றால் பஸ் திரும்புமுன் வந்திருக்கும்.

வெறுங்கையை ஒருமுறை உதறிப் பார்த்தேன்,
கோல் இருப்பதுபோல.
யன்னலுக்கு வெளியே மான்
திடுக்கிட்டு நிமிர்ந்தது.