பதுளை வீதியின் மறுமுனை

எங்கள் வீட்டு விலாசத்தில் பதுளை வீதி உண்டு.
செங்கலடிச் சந்தியில் தொடங்கி
வயலுக்குள் போய், காட்டுக்குள் போய்,
அங்கால் என்னவென்று கேளாமல்
இருபது வருடமாய் அதன் ஓரத்தில்
தயிர்ச் சட்டி அடுக்கி விற்கிறேன்.

இன்றைக்குத்தான் மறுமுனையில் இறங்கினேன்.
தங்கச்சிக்குத் தாதியர் நேர்முகம்.
"நாலு மணியாகும் அக்கா, எங்கயாவது போய் வடிவாச் சாப்பிடு"
என்றவள் என் குடையையும் கொண்டு
உள்ளே போய்விட்டாள்.
மணி ஒன்பதரை.
கையில் இரண்டாயிரத்து நானூறு ரூபா.
பதுளையில் எனக்கு ஒரு பூனையைக்கூடத் தெரியாது.

த்ரீவீல்காரரைக் கேட்டேன். துன்ஹிந்த, என்றார்.
போகவர ஆயிரத்து எண்ணூறு,
அருவிக்கு இறங்க ஒரு மைல்,
ஏறுவதற்கு முழங்கால் உங்களுடையது.
மருந்துக் கடைப் பொடியன் விகாரையைக் காட்டினான்.
லொத்தர் விற்கிறவர்,
"இங்க என்ன இருக்கு? நுவரெலியாவுக்குப் போங்க" என்றார்,
சொந்த ஊரை மட்டும் விற்கத் தெரியாதவர்.

தூறல்.
பஸ் நிலையக் கூரைக்குள் ஒதுங்கினேன்.
பக்கத்தில் ஒருத்தி, ஊதா ஸ்வெட்டர்,
மடியில் வங்கிப் புத்தகம்.
"நல்ல சாப்பாட்டுக் கடை எது கா?"
சிரித்தாள். கடைவாய்ப் பல் ஒன்று இல்லை.
"என்னையப் போயி கேக்குறீங்களே.
நானே இன்னைக்குத்தான் தனியா டவுனுக்கு வந்திருக்கேன்.
மத்த நாளெல்லாம் அவரு பின்னாடியே வந்து
அவரு பின்னாடியே போயிருவேன்.
கடைய எங்க பாத்தேன்,
அவரு முதுகத்தான் பாத்தேன்."

தெரியாத இரண்டு பேர் சேர்ந்தால்
கொஞ்சம் தெரிந்துவிடும் போல.
எண்ணெய் பழசு என்று ஒரு கடையை
வாசலிலேயே மூக்கால் தள்ளினாள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸும் இலையான்களும்
சமாதானமாய் இருந்த கடையை நான் தள்ளினேன்.
மேசைக்கு மேசை பூ வைத்த கடையை
விலைப்பட்டியலே தள்ளிவிட்டது.
"கண்டக்டருமாருங்க எங்க கை கழுவுறாங்கன்னு பாருங்க,"
என்றாள், திடீரென்று.

சந்தைக்குப் பின்னால், படி இறங்கி,
பலகை இல்லாத கடை, நாலு வாங்கு.
ஜிஃப்ரி நானா தகரத்தால் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார்.
ஒரு கொத்து, இரண்டு பீங்கான்.
எங்கள் ஊருக்கு வந்து சேரும் லீக்ஸ்
பயணக் களைப்பில் தலை தொங்கிக் கிடக்கும்.
இங்கே அது பல்லுக்குள் நறுக்கென்று
பதில் சொன்னது.
பிறகு இஞ்சிப் பிளேன்டீ.
"இது நீங்க பறிச்ச கொழுந்தா?"
"நம்ம கொழுந்து கப்பல்ல போயிரும்.
இது கூட்டி அள்ளுன தூளு," என்று
ஊதி ஊதிக் குடித்தாள்.
காசுக்கு ஒரு சின்னச் சண்டை, பாதி பாதி,
தங்கச்சிக்கு ஒரு பார்சல்.

"வேற என்ன பாக்கிற?"
"ரயிலு எங்க முடியுதுன்னு பாக்கணும்.
சின்னப் புள்ளையிலருந்து ஆசை."
போனோம். அந்தலையில் தண்டவாளம்
ஒரு கட்டையில் முட்டி நின்றது.
அதற்கப்பால் புல். யாரோ காயப்போட்ட பெனியன்.
"அவ்வளவுதானா?" என்றாள்.
"என்ட ரோட்டும் இப்பிடித்தான் முடிஞ்சுது" என்றேன்.
இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை,
ஸ்டேசன் மாஸ்டர் எட்டிப் பார்க்கும் வரை.
வழியில் பட்டர்புரூட் விலை கேட்டோம்.
நான் ஒண்டு என்றேன், அவள் ஒண்ணு என்றாள்,
கடைக்காரன் இரண்டு தந்தான்.

மூன்றே முக்காலுக்கு அவளுடைய பஸ்.
யன்னலில் வங்கிப் புத்தகம் ஆடியது.

தங்கச்சி வந்தாள்.
நேர்முகம் எப்படி என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
லுணுகலை வளைவுகளில் ஆளுக்கு ஆள் சாய்ந்தபடி
பார்சலைப் பிரித்தாள். பாதி தின்ற பிறகுதான்
முகத்துக்கு முகம் வந்தது.
"நல்லாக் கிடக்கு. எந்தக் கடை?"
சந்தைக்குப் பின்னால, படி இறங்கி,
கண்டக்டர்மார் கை கழுவுற இடம்.
"பேர்?"
அன்னலெட்சுமி, என்றேன்.