பதிலாள் வரும்வரை

இடமாற்றக் கடிதம் வந்து இருபத்திரண்டு நாள்.
மூன்றாம் பந்தியில்
'பதிலாள் கடமையேற்றதன் பின்னர்' என்றொரு வரி
மாங்குளச் சந்தியில் கடைசி பஸ்ஸை விட்டவர் மாதிரிக்
குந்தியிருக்கிறது.

யாரும் வரவில்லை.
இரண்டு தரம் விண்ணப்பம் கோரினார்கள்.
நேர்முகத்துக்கு ஏழு பேர்,
ஐந்து பேர் கேட்டது ஒட்டுசுட்டான் எவ்வளவு தூரம் என்று.
தெரிவான பிள்ளை ஒருநாள் வந்தாள்.
கைப்பையை மேசையில் வைக்கவில்லை,
மடியிலேயே வைத்துக்கொண்டு
பின்னேர பஸ் எத்தனை மணிக்கு என்றாள்.
குறை சொல்ல மாட்டேன்.
முதல்நாள் நானும் அதைத்தான் கேட்டேன்.

மோட்டார் சைக்கிளுக்குத் தரும் பெற்றோல்
பதினெட்டாம் திகதியோடு முடியும்.
அதற்குப் பிறகு அடிவாங்குகிற பிள்ளை
அடுத்த மாதம்வரை பொறுக்க வேணும்,
அல்லது நான் என் காசில் அடிக்க வேணும்.
அடித்திருக்கிறேன். எல்லா மாதமும் இல்லை.

கோப்பு நாற்பத்தொன்று.
பெயர் எழுத மாட்டேன். வயது பதின்மூன்று.
உள்ளே நாலு பேரின் எழுத்து.
பச்சை மையில் சரிந்து ஓடுவது சுகிர்தமலர்;
பதினொரு மாதம், பிறகு ஆசிரிய நியமனம்.
அச்சடித்ததுபோல் நிமிர்ந்து நிற்பது ரெஜினோல்ட்.
'மீளச் சந்திக்க வேண்டும்' என்று எழுதி
இரண்டு தரம் கோடிட்டிருக்கிறான்,
கீழே நாலு விரல் அகலம் வெறுந்தாள்.
கோமளேஸ்வரி திகதிகளை மட்டும் விட்டுப் போனாள்.
பிறகு என் நீலப் பேனை.

முதல் தரம் போனபோது
மாமி வீட்டுக் குழாயடியில் சாம்பல் போட்டுப்
பானை தேய்த்துக்கொண்டிருந்தாள்.
'சொல்லம்மா' என்றேன்.
கை நிற்கவில்லை.
'அது பைலிலை கிடக்கு மிஸ்.
மூண்டு தரம் சொல்லிப்போட்டன்.'

அதன் பிறகு நான் கேட்கவில்லை.
பின்னக் கணக்குப் பேசினோம்.
அடுத்த வளவில் போய் முட்டையிடும்
அவளுடைய பேட்டைப் பற்றிப் பேசினோம்.
எட்டாம் மாதம், தகரத்தில் மழை,
பக்கத்தில் இருந்தும் கத்தித்தான் கதைக்க வேணும்.
அப்போது ஒன்று சொன்னாள்,
கத்தாமல்.
பாதி கேட்டது. மீதியை முகத்தில் பார்த்தேன்.
மூன்று பேரும் எழுதாத ஒன்று.
நானும் இன்னும் எழுதவில்லை.
எழுதினால் வருகிறவர் அதை வாசித்துவிட்டு
'சொல்லம்மா' என்பார்.
எழுதாவிட்டால் என்னோடு பஸ் ஏறிப் போய்விடும்.

போன கிழமை வவுனியாவில் பயிலரங்கு.
குளிரூட்டிய மண்டபம், கட்லட், ஒரு படிவம்:
'உத்தியோகத்தர்கள் விலகிச் செல்வதற்கான காரணங்கள்.'
மூன்று வரி விட்டிருந்தார்கள்.
பெற்றோல், விடுதி, பஸ் என்று நிரப்பினேன்.
கொக்குவிலில் மச்சாள் வீட்டில் வளர்கிற என் மகன்
இப்போதெல்லாம் போனில்
எப்ப வாறீங்கள் என்று கேட்பதில்லை.
அதற்கு நாலாவது வரி இருக்கவில்லை.
என் வீட்டுப் பிள்ளைக்குக் கோப்பும் இல்லை.

நேற்று அவளே கேட்டாள்,
'நீங்களும் மாறிப் போறீங்களோ?'
'ஆரும் வந்தால்தான் விடுவினம்.'
பொய்யில்லை. முழுசும் இல்லை.
பேட்டைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் யோசித்தாள்.
'அப்ப, நாய்க்குப் பயப்பிடாத ஆளா
எடுக்கச் சொல்லுங்கோ மிஸ்.
முந்தின மிஸ் படலையிலையே நிண்டு
என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுவா.
ஒழுங்கை முழுக்கக் கேக்கும்.'

வர்த்தமானியில் போட்ட தகைமைகளில்
அது இல்லை.

இரவு கையளிப்புப் பட்டியலை எடுத்தேன்.
கோப்புகள் அறுபத்து மூன்று.
மோட்டார் சைக்கிள் ஒன்று, பின் பிரேக் பிடிக்காது.
தலைக்கவசம் ஒன்று.
அலுமாரித் திறப்பு இரண்டு.
நாற்பத்தொன்றுக்கு நேரே
நெடுநேரம் ஒன்றும் எழுதாமல் இருந்தேன்.
பிறகு எழுதினேன்:
நாயின் பெயர் றோசி.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விலகி நிற்கும்.
உள்ளே போய்க் கதைக்கவும்.