ஆட்சேபணை இல்லை

பதிவேட்டில் நாற்பத்தேழாவது வரி:
பதிலுரைக்கு மேலும் முப்பது நாள்
அவகாசம் கோரும் மனு.
இது நான்காவது வாய்தா.

முதல் தடவை கவுண்டி வக்கீலுக்கு
முதுகில் ஆபரேஷன்.
அடுத்தது, சிறையின் கேமராப் பதிவைத் திறக்க
மென்பொருள் கிடைக்கவில்லை.
பிறகு தேங்க்ஸ்கிவிங் வந்தது.
இப்போது ஜாக்சனில் வேறொரு விசாரணையாம்.
காரணங்கள் எல்லாம் உண்மைதான்.
ஆபரேஷனுக்குப் பிறகு அவர்
கைத்தடியோடு படியேறியதை நானே பார்த்தேன்.

மனுவின் கடைசி வரி மாறுவதே இல்லை:
எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை இல்லை.

வக்கீல்களுக்குள் அது கைமாற்று.
இன்று கொடுத்தால் நாளை கிடைக்கும்.
கிரீன்வில் நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில்
பதினேழு வருடமாக முத்திரை குத்துகிறேன்,
இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

புதன்கிழமை வெர்லீன் காத்ரைட் வந்தாள்,
கெளுத்தி மீன் ஆலையிலிருந்து நேராக,
ரப்பர் பூட்ஸ் கழற்றாமல்.
பக்கத்துக்கு ஐம்பது சென்ட் என்று
சில்லறையை எண்ணி வைத்து
நகல் வாங்கி
நின்றபடியே படித்தாள்.

"ஆட்சேபணை இல்லையாமே, யாருக்கு?"
உங்கள் வக்கீலுக்கு, மேடம்.
"என்னைக் கேட்டாரா என்று
எந்த வரியில் இருக்கிறது?"

அப்படி ஒரு வரி கிடையாது.

அவள் புகாரை ஸ்கேன் செய்தவள் நான்.
முப்பத்தோராம் பத்தி எனக்கு மனப்பாடம்:
கட்டாத அபராதத்துக்காக உள்ளே போன கார்டெல்
இன்சுலின் கேட்டான்.
காவலர் குறிப்பேட்டில் "காலையில் பார்க்கலாம்."
மறுபடி கேட்டான். "காலையில்."
மூன்றாம் இரவுக் குறிப்பில்
நேரம் மட்டும் எழுதியிருக்கிறது.

கவுண்டரில் கட்டிப்போட்ட பேனாவை எடுத்து
நகலின் பின்பக்கத்தில் எழுதினாள்:
எனக்கு ஆட்சேபணை உண்டு. வெ. காத்ரைட்.
"இதைப் போடு."

வக்கீல் வைத்தவர் தானாக எதுவும் தாக்கல் செய்ய முடியாது,
நீதிபதி நீக்கிவிடுவார் என்றேன்.
"நீக்கட்டும். நீ போடுவாயா மாட்டாயா?"

வடிவம் சரியில்லை என்பதற்காக
எந்தத் தாளையும் எழுத்தர் மறுக்கக் கூடாது.
அந்த விதி எங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது,
ஃபேன் காற்றில் ஒரு மூலை பிய்ந்து.
முத்திரையைக் குத்தினேன்.
நாற்பத்தெட்டு.

கெளுத்திக்குச் செதில் கிடையாது,
ஒட்டிக்கொண்டு வர எதுவுமில்லை.
ஈரக் கட்டைவிரலின் தடம் மட்டும்
தாளின் ஓரத்தில்.
கறையை நீக்கவா என்று
ஸ்கேனர் கேட்டது.
வேண்டாம் என்று அழுத்தினேன்.

வியாழன் காலை இரண்டு உத்தரவுகள்.
நாற்பத்தொன்பது: அவகாசம் அனுமதிக்கப்பட்டது.
ஐம்பது: நாற்பத்தெட்டு நீக்கப்பட்டது.
நீக்கினாலும் எண் போகாது,
நாற்பத்தேழுக்கு அடுத்து அது அங்கேயே கிடக்கும்,
மேலே ஒரு கோடு விழுந்தபடி.

போன் செய்து சொன்னேன். சொல்வது என் வேலையில்லை.
ஆலையின் இரைச்சலில்
இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.
முப்பதாம் நாள் சனிக்கிழமை, மேடம்,
அதனால் திங்களுக்குப் போகும்.
திங்கள் அரசு விடுமுறை,
அதனால் செவ்வாய்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"என் பையன் போனது ஞாயிற்றுக்கிழமை.
அதை யாரும் திங்களுக்குத் தள்ளவில்லையே."

எனக்குப் பதில் இல்லை.
அவளும் எதிர்பார்க்கவில்லை போல.
"செவ்வாய் எத்தனை மணி வரை?"
இரவு பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்வரை, மேடம்,
எல்லாம் கம்ப்யூட்டரில்தானே.

"சரி," என்றாள்,
"அந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட்.
முழித்துத்தான் இருப்பேன்."