ஒற்றை மாதிரி

நீளம் ஆறு புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
அகலம், சிறகுறை விரிந்த இடத்தில், இரண்டு புள்ளி நான்கு.
இதுவரை சுலபம்.

நிறம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.
கறுப்பு என்று எழுதி அடித்தேன்.
விளக்கை நகர்த்தினால் பாசிப் பச்சை வருகிறது,
இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் அதுவும் போய்
ஆறிய தாரின் கறுப்பு.
"கருமை; சாய்ந்த ஒளியில் பசுமை."
கல்லுக்கடியில் எந்த ஒளி இருந்திருக்கும்
என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.

கீத்தோவில் பிற்பகல் மழை.
அருங்காட்சியக நிலவறையில் நாப்தலீன் நெடி.
இருபத்தேழு ஆண்டு
"அடையாளம் காணாதவை" இழுப்பறையில்
முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டிக்கொண்டு
இது எனக்காகக் காத்திருந்தது
என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
செத்தவை காத்திருப்பதில்லை.

வயிற்றை வெந்நீரில் இளக்கி
மயிரிழை ஊசியால் ஆணுறுப்பை வெளியே எடுத்தேன்.
சிரிக்காதீர்கள்,
இந்தக் குடும்பத்தில் இனத்தை இனத்திலிருந்து பிரிப்பது
அந்தக் கொக்கியின் வளைவுதான்.
பங்காளிகள் நாற்பது பேரோடு வைத்துப் பார்த்தாயிற்று.
எவரோடும் ஒட்டவில்லை.
இடப்பக்கம் வளைந்து, முனையில்
வெட்டி எறிந்த நகத்துண்டு போல ஒரு பிறை.
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

இடது பின்கால் இல்லை.
அதையும் எழுத வேண்டும். எழுதினேன்.

ஊசியில் குத்திய சீட்டில் பென்சில் எழுத்து:
பாயேசாவுக்குக் கீழே, சாலையோரம், கல்லுக்கடியில்,
ஆயிரத்து எண்ணூறு மீட்டர். எடுத்தவர் ஓ. சிலிகிங்கா.
பூச்சியியலாளர் பட்டியல் எதிலும் அப்படி ஒருவர் இல்லை.

தேனா நகரில் ஒரு பஞ்சர் கடையில் அகப்பட்டார்.
ஒல்மேதோ சிலிகிங்கா,
அந்நாளில் அருங்காட்சியக ஜீப்பின் ஓட்டுநர்.
கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"இவனா! நாற்றம் பிடித்த பயல்.
டயர் வெடித்து நின்றோம். வண்டி உருளாமலிருக்க
ஒரு கல்லைப் பெயர்த்தேன், கீழேயிருந்து ஓடினான்.
உங்கள் ஆட்களெல்லாம் வலையும் கையுமாக
மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பிடித்த விரல் எரிந்தது பாருங்கள்,
பழுப்புக் கறை மூன்று நாள் போகவில்லை.
தின்கிற சோற்றிலும் அந்த வாடை,
காடியில் தீக்குச்சி மருந்தைக் கரைத்தாற்போல."
கறை இன்னும் இருப்பதுபோல
கட்டைவிரலை நீட்டிக் காட்டினார்.

"வாழ்முறை: தெரியவில்லை" என்ற வரியை அடித்தேன்.
"சீண்டினால் எரிக்கும் திரவம் பீய்ச்சும்;
மனிதத் தோலில் கறை மூன்று நாள் நிற்கும்.
ஆதாரம்: சிலிகிங்காவின் கட்டைவிரல்."
பதிப்பாசிரியர் கடைசி வரியை வெட்டுவார். வெட்டட்டும்.

பெயர் சிலிகிங்காயி.
இன்னாருடையது என்று சொல்ல லத்தீனுக்கு ஓர் 'இ' போதும்.
சொன்னதும் பூரித்துப்போவார் என்று நினைத்தேன்.
"அப்படியானால் அது என்னுடையதா?"
இல்லை, பெயர் மட்டும்.
"அதானே."

வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று நொண்டிக்கொண்டு வந்து நின்றது.
ஜாக்கியோடு எழுந்தவர் பாதி வழியில் திரும்பினார்.
"அந்தக் கல்லை நான் திருப்பி வைக்கவில்லை.
சக்கரம் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்."

அந்த வளைவை நிமிர்த்திச் சாலையை அகலமாக்கிவிட்டார்கள்.
இரண்டு முறை போனேன்.
மரவட்டை, மண்புழு, ஒரு குளிர்பான மூடி.
பெயர்த்த ஒவ்வொரு கல்லையும்
அதனதன் ஈரப் பள்ளத்தில்
முன்பிருந்த பக்கமே கீழாகத்
திரும்ப வைத்தேன், மணிக்கணக்கில்,
லாரிகள் ஒலியெழுப்பிக் கடந்துபோக.

பரவல்: மாதிரி கிடைத்த இடம் மட்டும்.
ஆய்ந்தவை: ஒன்று.
கால்கள்: ஐந்து.